வாசலிலிருந்து வாசலுக்கு: முதுநகர், சிதம்பரத்துக்காரர்களுக்கு வெளிநாட்டு விமானத்தின் தூரமும் நேரமும்

பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். ஒரு வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருப்பான், பக்கத்து வீட்டு மாப்பிள்ளை ஷார்ஜாவில் இருப்பார். மகள் பிரசவத்துக்கு அம்மா புறப்படுவார், பேரனைப் பார்க்க அப்பா புறப்படுவார். இவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். இந்த அத்தியாயம் அவர்களுக்காகவும், அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்காகவும் எழுதப்பட்டது.

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் செல்போன் ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பதில் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதை வரைக்கும்தான். முதுநகரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் மனிதருக்குப் பயணத்தின் பெரும்பகுதி நேரம் தரையில்தான் கழிகிறது. விமானத்தைத் தவறவிடுபவர்கள் தவறவிடுவதும் தரையில்தான். ஆகவே வானத்துக் கணக்கையும் தரைக் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம்.

டிக்கெட்டில் ஓடும் இரண்டு கடிகாரங்கள்

"சிங்கப்பூர் ஆறே முக்கால் மணி நேரம் மாமா, துபாய்தான் கிட்ட, மூணு மணி நேரத்துல எறங்கிடலாம்." டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்பவர்கள் நிறைய. டிக்கெட்டில் இருப்பதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். ஆனால் புறப்படும் நேரம் ஒரு நாட்டுக் கடிகாரத்திலும், இறங்கும் நேரம் இன்னொரு நாட்டுக் கடிகாரத்திலும் அச்சாகியிருக்கிறது. உலகம் முழுக்க எல்லா விமான டிக்கெட்டுக்கும் இதே முறைதான்: எந்த ஊர் பெயருக்கு நேராக நேரம் போட்டிருக்கிறதோ, அது அந்த ஊர் நேரம்.

ஒரு மாதிரி டிக்கெட்டைப் பாருங்கள். சென்னையில் புறப்பாடு இரவு 12.20, சிங்கப்பூரில் வருகை காலை 7.05. கழித்தால் 6 மணி 45 நிமிடம் வருகிறது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த இரண்டரையைக் கழித்துவிட்டால் 4 மணி 15 நிமிடம். நீங்கள் விமானத்தில் இருக்கப்போவது அவ்வளவுதான்.

இப்போது துபாய். சென்னையில் புறப்பாடு விடியற்காலை 4.15, துபாயில் வருகை காலை 7.05. கழித்தால் 2 மணி 50 நிமிடம். துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்டினால் 4 மணி 20 நிமிடம். கிட்டே இருப்பதாகத் தோன்றிய துபாய்க்கு ஐந்து நிமிடம் கூடுதலாகவே ஆகிறது.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். சிங்கப்பூரில் இரவு 8.30க்கு ஏறியவர் சென்னையில் 10.10க்கு இறங்குவார். ஏதோ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது போல இருக்கும். துபாயில் இரவு 9.40க்கு ஏறியவர் மறுநாள் விடியற்காலை 3.10க்கு இறங்குவார், அது ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும். இரண்டுமே நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணங்கள்தான். கிழக்கே போகும்போது கடிகார வித்தியாசத்தைக் கழியுங்கள், மேற்கே போகும்போது கூட்டுங்கள். வரும்போது இதை மாற்றிச் செய்யுங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். இலங்கைக்கும் நமக்கும் 2006 ஏப்ரலிலிருந்து ஒரே நேரம், அங்கே எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம்.

சிங்கப்பூர்க் கடிகாரம் முன்பு இவ்வளவு முன்னால் ஓடவில்லை. மலேசியா தன் கிழக்குப் பகுதியோடு மேற்குப் பகுதியின் நேரத்தையும் ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் சேர்ந்து அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. 1982 ஜனவரி 1இல் நடந்த மாற்றம் இது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி இரண்டு மணி நேரம்தான். இப்படிக் கடிகாரத்தை முன்னே தள்ளியதால்தான் சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டியே உதிக்கிறது. ஆறு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் பழகிய நம் அம்மாக்கள் அங்கே முதல் சில நாள் "இன்னும் விடியவே இல்லையே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கடிகாரம் இரண்டரை மணி நேரம் குதிப்பதால் இரண்டு வேளைக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்கும், மேற்கே போனால் நீளும். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் இரண்டு நாளுக்கு எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையிலும் நிலநடுக்கோட்டில் அதே அளவுதான், வடக்கே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 13 பாகை வடக்கு, 80.2 பாகை கிழக்கில் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி 1.4 வடக்கு, 104 கிழக்கு. தெற்கு நோக்கி 11.6 பாகை, அதாவது 1,288 கி.மீ. கிழக்கு நோக்கி 23.8 பாகை. இதை 111ஆல் பெருக்கி, பாகை சுருங்குவதற்காக நூற்றுக்கு ஒன்று குறைத்தால் சுமார் 2,620 கி.மீ. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் கிடைத்துவிட்டன. பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 2,920 கி.மீ.யை ஒட்டி வரும். உண்மைத் தூரத்துக்கு இது மிக நெருக்கம். இதையே துபாய்க்குப் போட்டால் (25.3 வடக்கு, 55.4 கிழக்கு, சுருக்கம் நூற்றுக்கு ஐந்தரை) 2,940 கி.மீ. வருகிறது.

சென்னையிலிருந்து இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்! நம் ஊருக்கும் இது ஏறக்குறையப் பொருந்துகிறது. துபாய் விமான நிலையத்தின் தீர்க்கரேகையையும் சாங்கியின் தீர்க்கரேகையையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். 79.7 வரும். சிதம்பரம் இருப்பது அந்தக் கோட்டின் மேலேயேதான். கிழக்கே போகும் பிள்ளையும் மேற்கே போகும் பிள்ளையும் சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கிறார்கள்.

இந்தத் தட்டைக் கணக்கு நிலநடுக்கோட்டை ஒட்டிய பயணங்களுக்குத்தான் சரிப்படும். லண்டன், டொராண்டோ போன்ற தொலைவுகளுக்குப் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே செல்போன் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு வர ஒரு சுலபவழி உண்டு. ஜெட் விமானம் சராசரியாக மணிக்கு 850 கி.மீ. போவதாக வைத்து வகுங்கள். ஏறவும் இறங்கவும் ஓடுபாதை வரை உருண்டு போகவும் ஒரு நாற்பது நிமிடம் சேருங்கள். 2,920ஐ 850ஆல் வகுத்தால் மூன்று மணி 26 நிமிடம், நாற்பதைச் சேர்த்தால் நான்கு மணி சொச்சம். டிக்கெட்டில் நாம் பார்த்த நாலேகாலும் இதுவும் பொருந்துகின்றன. கோலாலம்பூர் சென்னையிலிருந்து சுமார் 2,630 கி.மீ., அதற்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கொழும்பு சுமார் 650 கி.மீ., ஒன்றரை மணி நேரம்.

காற்றும் கொஞ்சம் விளையாடும். துபாய்க்குப் போவதற்கும் அங்கிருந்து வருவதற்கும் கால் மணி முதல் அரை மணி வரை வித்தியாசம் வருவது மேற்கிலிருந்து வீசும் உயர்காற்றால். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தென்னிந்தியாவின் மேலே, தரைக்காற்றுக்கு நேர்மாறாக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் வீசும். இதை உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம், அவருடைய ஆய்வு 1958இல் வெளிவந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூர் போகும் விமானம் இந்தக் காற்றை எதிர்த்துப் போக வேண்டியிருப்பதால் பத்து இருபது நிமிடம் கூடலாம். அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, விமான நிறுவனங்கள் அதையும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன.

சென்னையா, திருச்சியா?

இதுதான் இந்த அத்தியாயத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம். "வெளிநாடு என்றால் மெட்ராஸ்" என்ற பழக்கம் நம் மாவட்டத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. சிதம்பரத்தைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்துக்கு இன்று காரணமே இல்லை என்பது என் முடிவு.

சிதம்பரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குச் சாலை வழி ஏறத்தாழ 220 கி.மீ. புதுச்சேரி பக்கமாகப் போனாலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கமாகப் போனாலும் நாலரை முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். செங்கல்பட்டு தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலை உங்கள் கையில் இல்லை. பரனூர் சுங்கச்சாவடி, சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, தாம்பரம் என்று ஒவ்வொரு இடத்திலும் நேரம் கரையும். திருச்சியோ காட்டுமன்னார்கோவில், கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம் வழியாகச் சுமார் 145 கி.மீ. தொலைவில் இருக்கிறது, மூன்று முதல் மூன்றரை மணி நேரப் பயணம். வழியில் ஊர்கள் உண்டு, ஆனால் பெருநகர நெரிசல் இல்லை.

"தெற்கே போனால் சிங்கப்பூர் கிட்டே வந்துவிடும்தானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திருச்சி மேற்கே தள்ளியும் இருப்பதால், திருச்சியிலிருந்து சாங்கி 2,980 கி.மீ., சென்னையிலிருந்து வருவதைவிட அறுபது கி.மீ. கூடுதல். ஆனால் விமானத்துக்கு அறுபது கி.மீ. என்பது நாலைந்து நிமிடம். சாலையில் உங்களுக்கு மிச்சமாவது 75 கி.மீ., அதாவது ஒன்றரை மணி நேரம். எது லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரி 2இல் திறந்து வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு ஆகிய ஊர்களுக்கு அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. நேரடி விமானம் இல்லாத ஊர் என்றாலோ, கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருந்தாலோ சென்னையை எடுங்கள். கட்டணத்தை ஒப்பிடும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சென்னை போய்வரும் கார் வாடகை, சுங்கம், வழியனுப்ப வரும் நாலு பேருக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

முதுநகர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. ஓ.டி. என்று நாம் சொல்லும் முதுநகரிலிருந்து சென்னை விமான நிலையம் 175 முதல் 180 கி.மீ. நெய்வேலி, விருத்தாசலம் வழியாகத் திருச்சியும் ஏறக்குறைய அவ்வளவே. தூரம் சமம் என்பதால் விமான நேரம் எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம். பகல் நேர விமானமாகச் சென்னையில் கிடைத்தால் முதுநகருக்குச் சென்னைதான் நல்லது, ரயில் வசதி அந்தப் பக்கம் கூடுதல். புதுச்சேரி விமான நிலையம் 25 கி.மீ.யில் இருந்தாலும் அங்கே உள்நாட்டு விமானம் மட்டும்தான். நெய்வேலியில் ஓடுபாதை உண்டு, பன்னாட்டுப் பயணத்துக்கு அது உதவாது.

வீட்டிலிருந்து கிளம்பும் நேரம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. இங்கேதான் தேதி ஏமாற்றும். டிக்கெட்டில் 15ஆம் தேதி இரவு 12.20 (ரயில் கடிகாரப்படி 00.20) என்று இருந்தால், அது 14ஆம் தேதி ராத்திரி. 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், உங்கள் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். டிக்கெட் வந்தவுடன் காலண்டர் தாளில் 14ஆம் தேதியை வட்டமிட்டு, "வீட்டிலிருந்து கிளம்பும் நாள்" என்று எழுதிவிடுங்கள்.

இனி பின்னோக்கிக் கணக்கிடுவோம். 15ஆம் தேதி 12.20க்கு விமானம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு உள்ளே இருக்க வேண்டும், ஆகவே 14ஆம் தேதி இரவு 9.20. பெட்டி போடும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், சில நிறுவனங்கள் அதற்கும் முன்பே மூடும். மூடியபின் கெஞ்சிப் பயனில்லை. சிதம்பரத்திலிருந்து காரில் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மாலை 4.20. இதற்கு மேல் ஒன்றேகால் மணி நேரமாவது கையிருப்பு வேண்டும். டயர் பஞ்சராகலாம், சுங்கச்சாவடியில் நிற்கலாம், வழியில் அம்மாவுக்குக் காபி வேண்டியிருக்கும். ஆகப் பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும்.

சாங்கியில் காலை 7.05க்கு இறங்கி, குடிநுழைவு முடித்துப் பெட்டி எடுத்து, மகன் வீட்டுக் கதவைத் தட்டும்போது சிங்கப்பூர் நேரம் ஒன்பது ஆகும். நம் நேரம் காலை ஆறரை. மொத்தம் பதினைந்தரை மணி நேரம். இதில் விமானத்தில் இருந்தது நாலேகால் மணி நேரம். இதே பயணத்தைத் திருச்சி வழியாகப் போட்டால் சுமார் பதினான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். முழங்கால் வலியோடு போகும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பெரிய விஷயம்.

நம் தாத்தா காலத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருந்திருக்காது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போனவர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் இருந்தார்கள். அந்த வழியில் ஓடிய கடைசிப் பெரிய பயணிகள் கப்பலுக்கு எம்.வி. சிதம்பரம் என்று நம் ஊர்ப் பெயர்தான். 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்த பிறகு அந்தப் பயணிகள் சேவை முடிந்துபோனது.

காரைவிட ரயில் நம்பகமானது என்பது என் அனுபவம். பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸ் நள்ளிரவு விமானத்துக்கு நன்றாகப் பொருந்தும். எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கிப் புறநகர் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். விமான நிலையம் அதற்கு நேர் எதிரே, சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு விடியற்காலை வரை மின்சார ரயில் கிடையாது, அந்த நேரத்தில் வந்து இறங்குபவர்கள் ஆட்டோவையோ டாக்சியையோதான் நம்ப வேண்டும். பெரிய பெட்டிகள் இருந்தால் தாம்பரத்திலிருந்தே டாக்சி எடுத்துவிடுங்கள்.

முதுநகர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலூருக்கு இரண்டு நிலையங்கள்: திருப்பாதிரிப்புலியூர் ஒன்று, கடலூர் துறைமுகம் சந்திப்பு மற்றொன்று. சில வண்டிகள் ஒன்றில் மட்டும் நிற்கும், மற்றதில் நிற்காது. பெட்டிகளோடு ஓ.டி. நிலையத்தில் காத்திருக்கும்போது வண்டி நிற்காமல் போனால் அந்த நாளே போய்விடும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கோயம்பேடு இப்போது இல்லை. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்த வழியில் வரும் நம் பக்கத்துப் பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. விமானத்துக்குப் போகிறவர்களுக்கு இது நல்லதாகவே அமைந்தது. கிளாம்பாக்கத்திலிருந்து விமான நிலையம் சுமார் 15 கி.மீ., அதுவும் போகும் வழியிலேயே. இரவில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னாட்டுப் புறப்பாடு இரண்டாம் டெர்மினலில், உள்நாட்டு டெர்மினலில் போய் நிற்காதீர்கள்.

இறங்கும் ஊரிலும் நிலையத்தின் பெயரைச் சரிபாருங்கள். துபாய்க்கு இரண்டு விமான நிலையங்கள். கோலாலம்பூரில் ஒன்றாம் டெர்மினலும் இரண்டாம் டெர்மினலும் தனித்தனிக் கட்டடங்கள், நடுவே ரயிலிலோ பஸ்ஸிலோதான் போக முடியும். அழைக்க வரும் மகன் ஒரு டெர்மினலிலும் நீங்கள் இன்னொன்றிலும் நிற்க நேரிடும்.

கண்ணெதிரே இருக்கும் யாழ்ப்பாணம்

நம் ஊரிலிருந்து அதிகம் பேர் போகும் பயணம் அல்ல. ஆனாலும் தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயணம் வேறில்லை. நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போக விரும்புகிறவர்களும், உறவுகளைத் தேடிச் சிதம்பரத்துக்கு வரும் யாழ்ப்பாணத்தவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 180 கி.மீ. சென்னைக்குச் சாலையில் போகும் தூரத்தைவிட யாழ்ப்பாணம் கிட்டே இருக்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அந்த வழி, 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது மீண்டும் உயிர் பெற்றது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் ஓடத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் ஓடுகிறது.

சென்னை வழியாகப் போனால் நடப்பது இதுதான்: வடக்கே 220 கி.மீ. சாலையில் போகிறீர்கள். பிறகு விசிறி விமானத்தில் ஏறி, சுமார் 355 கி.மீ. தெற்கே பறக்கிறீர்கள். அதாவது உங்கள் வீட்டின் நேரைத் தாண்டி, போன தூரம் முழுவதும் திரும்பி வந்து, அதற்கு மேலும் போகிறீர்கள். 180 கி.மீ. தொலைவுக்கு 575 கி.மீ. பயணம். திருச்சியிலிருந்து 2025 மார்ச் 30இல் யாழ்ப்பாண விமானம் தொடங்கியதும் நமக்கு இது வெகுவாகச் சுலபமானது. சாலையில் 145, வானில் 185 கி.மீ. அளவு, விமான நேரம் ஒரு மணி நேரத்தை ஒட்டி.

மூன்றாவது வழி கடல். சிதம்பரத்திலிருந்து சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் சுமார் 90 கி.மீ. அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், கடல் தூரம் சுமார் 110 கி.மீ., நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டிலிருந்து மறுபடி ஓடும் சேவை இது. தூரக் கணக்கில் நமக்கு இதுவே மிகக் குறுகிய வழி, சிதம்பரத்திலிருந்து மொத்தமே 200 கி.மீ. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது ஓடாது. கிளம்பும் வாரத்தில் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் மற்ற ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும்.

நவம்பரும் டிசம்பரும்

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் மழை இல்லாத நாட்களுக்கு. கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேறு கணக்கு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது.

2024இல் ஃபெஞ்சல் புயல் வந்த நாட்களை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே வானமும் தரையும் வெவ்வேறு நாளில் அடைபட்டன. நவம்பர் 30இல் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது, மறுநாள் விடியற்காலை திறந்துவிட்டார்கள். விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகு, டிசம்பர் 2ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து வாகனங்கள் நின்றன. அன்று சென்னையில் விமானம் தயாராக இருந்தது. தெற்கிலிருந்து போய் ஏற வேண்டியவர்களுக்குத்தான் வழி இல்லை.

விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் பணம் திரும்பக் கேட்கலாம், வேறு நாளுக்கு மாற்றிக் கேட்கலாம். விமானம் சரியாகப் புறப்பட்டு, உங்களால் வந்து சேர முடியவில்லை என்றால் அந்த உரிமை கிடையாது. ஆகவே நவம்பர், டிசம்பரில் பயணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வானிலை அறிவிப்பில் வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி என்று கேட்டவுடன் கிளம்பும் நாளை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளுங்கள். தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்குங்கள், இல்லையென்றால் ஒரு அறை எடுங்கள். அந்த அறை வாடகை எவ்வளவு ஆனாலும், கைவிட்டுப் போன டிக்கெட்டுக்குப் பதில் கடைசி நேரத்தில் வாங்கும் புது டிக்கெட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.